போனா, கமராவா? திருமலையில் படம் எடுப்பவருக்கு ஒரு கணக்கு

"புதுப் போன் ஒண்டு எடுப்பமா, இல்லை அந்தக் காசுக்குக் கமரா வாங்குவமா?" படம் எடுப்பதில் கொஞ்சம் பித்துப் பிடித்த எவரும் திருகோணமலையில் இன்று கேட்கிற கேள்வி இது. கேட்பவர்களில் பலர் பதிலை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். போன் கட்சிக்காரர் "இப்ப ஆர் கமராவைத் தூக்கிக்கொண்டு திரியிறது" என்பார். கமரா கட்சிக்காரர் "போனில எடுக்கிறதெல்லாம் ஒரு படமோ" என்பார். எதை எடுக்கப் போகிறோம் என்பதை மட்டும் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன். கையில் ஓரளவு நல்ல போன் இருந்தால், படம் எடுப்பதற்காக மட்டும் மூன்று இலட்சத்தைத் தாண்டும் இன்னொரு போனைத் தவணைக்கு எடுப்பதுதான் இருக்கிற வழிகளில் மோசமானது. இருக்கிற போனோடு நிற்கலாம். அல்லது பாவித்த கமரா ஒன்றும் நல்ல லென்ஸ் ஒன்றும் வாங்கலாம். எது யாருக்கு என்பதுதான் மிச்சக் கதை.

சின்னக் கமராக்களின் கதை முடிந்துவிட்டது, அதில் வாதமே இல்லை. 2010 இல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கமராக்கள் சுமார் 12 கோடி. 2023 இல் 80 இலட்சத்துக்கும் குறைவு. சட்டைப் பைக்குள் வைக்கிற கமராக்களைப் போன் விழுங்கிவிட்டது. 2013 இல் 'சிக்காகோ சன்-ரைம்ஸ்' பத்திரிகை தன் முழுநேரப் படப்பிடிப்பாளர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இனி ஐபோனில் படம் எடுங்கள் என்று செய்தியாளர்களிடம் சொன்னது. அப்போது பலர் கமராவுக்கே சமாதி கட்டிவிட்டார்கள். ஆனால் லென்ஸ் மாற்றுகிற கமராக்கள் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன. போனுக்கு எட்டாத சில வேலைகள் இருப்பதால்தான் இருக்கின்றன.

முதலில் வெளிச்சக் கணக்கு. மெகாபிக்சலை மறந்துவிடுங்கள், 200 மெகாபிக்சல் போனும் சாதாரணமாக 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. பார்க்க வேண்டியது வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்குகிற சென்சரின் பரப்பளவு. நல்ல போன் ஒன்றின் பிரதான சென்சர் ஏறக்குறைய 9.8 க்கு 7.3 மில்லிமீற்றர், அதாவது 72 சதுர மி.மீ. ஏ.பி.எஸ்.-சி என்கிற சாதாரண அளவுக் கமராவில் அது 23.5 க்கு 15.6, சுமார் 367 சதுர மி.மீ. ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய அளவு என்றால் 36 க்கு 24, அதாவது 864. ஆக, சாதாரணக் கமராவின் சென்சரே போனுடையதைவிட ஐந்து மடங்கு பெரிது. கமராக் கட்சிக்காரர் இந்த இடத்தில் மேசையில் தட்டிவிட்டு எழும்பிவிடுவார்.

அவரைக் கொஞ்சம் உட்கார வைக்க வேண்டும். சென்சர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் முன்னால் இருக்கிற லென்ஸ் விட்டால்தானே வெளிச்சம் உள்ளே போகும்? போனின் பிரதான லென்ஸ் எஃப் 1.7 அளவில் திறந்திருக்கிறது; இந்த எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் கூட. கமராவோடு பெட்டிக்குள் வருகிற 18-55 மி.மீ. கிட் லென்ஸை (மி.மீ. கூடினால் தூரத்தில் உள்ளது கிட்ட வரும்) முழுக்க இழுத்து 55 இல் வைத்தால் அது எஃப் 5.6. இந்த எண்ணை வர்க்கித்துப் பார்க்க வேண்டும்: எஃப் 1.7 சென்சரின் ஒவ்வொரு புள்ளிக்கும் விடுகிற வெளிச்சம் எஃப் 5.6 விடுவதைவிட ஏறக்குறைய 11 மடங்கு. சென்சரால் கிடைத்த ஐந்து மடங்கு இலாபத்தை லென்ஸ் தின்று தீர்த்து, இன்னும் கடனும் வைத்துவிடுகிறது. மொத்தமாகச் சேர்கிற வெளிச்சத்தில் போனின் பாதிதான் மிஞ்சும். லென்ஸை 18 இல் வைத்தால் எஃப் 3.5, அப்போதும் இரண்டும் ஏறக்குறையச் சமம்தான். இதற்கு மேல், போன் ஒரு படத்துக்குப் பல பிரேம்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரைச்சல் புள்ளிகளைக் கழித்துவிடுகிறது. 2018 இல் கூகுள் பிக்சல் போனில் நைட் சைட் என்ற இரவு மோட் வந்ததிலிருந்து இந்த வித்தை எல்லாப் போன்களிலும் பரவிவிட்டது.

அதனால்தான் கிட் லென்ஸோடு கமரா வாங்கியவர் வீட்டில் மாலை நேரத்தில் பிள்ளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ர போனே இதைவிட நல்லா எடுக்குதே" என்று நொந்துபோகிறார். அவர் சொல்வது சரி. குற்றம் கமராவிலும் இல்லை, அவரிலும் இல்லை. அதே கமராவில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போட்டால் போனைவிட நாலரை மடங்கு வெளிச்சம் சேரும். அந்த லென்ஸ்தான் பல கொம்பனிகளில் மலிவாகக் கிடைக்கிற லென்ஸ். கமராவையும் போனையும் ஒப்பிடுகிற முக்கால்வாசிப் பேர் உண்மையில் ஒப்பிடுவது கிட் லென்ஸையும் போனையும்.

வெளிச்சத்தை விட்டுத் தூரத்துக்கு வருவோம். இதில் போன் பக்கம் வாதாட எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கடல் அமர்ந்திருக்கும் மாதங்களில் நிலாவெளியிலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் போகின்றன. நீலத்திமிங்கிலம் மூழ்கப் போகும்போது சில வேளைகளில் வாலைத் தூக்கும். அந்த வாலின் அகலம் ஆறு மீற்றர் என்று வைத்துக்கொள்வோம், படகு 100 மீற்றர் தள்ளி நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். போனின் பிரதான கமரா ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 மி.மீ.; அந்தத் தூரத்தில் அது 150 மீற்றர் அகலத்தைப் பார்க்கும். 4000 புள்ளி அகலமான படத்தில் வாலுக்குக் கிடைப்பது 160 புள்ளி. கடலில் ஒரு கறுப்புப் பொட்டு. ஐந்து மடங்கு சூம் உள்ள விலைகூடிய போன் என்றால் 30 மீற்றர் அகலம் தெரியும். வால் படத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரும், வட்சப் ஸ்ரேற்றஸுக்குக் காணும். ஏ.பி.எஸ்.-சி கமராவில் 300 மி.மீ. வரை போகிற ஒரு சாதாரண சூம் லென்ஸ் பார்ப்பது 8 மீற்றர். வால் படத்தின் முக்கால்வாசி அகலத்துக்கு நிறைந்து, அதிலிருந்து வழிகிற தண்ணீர்க் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். 1/1000 செக்கனில் எடுத்தால் துளிகளும் அந்தரத்தில் நிற்கும்.

நிலாவெளி உப்பளப் பக்கம் வருகிற பறவைகளுக்கும் இதே கணக்குத்தான், இன்னும் கடுமையாக. நெடுங்கால் உள்ளானுக்குத் திமிங்கிலத்தின் உடம்பு இல்லை. பறவைதான் உங்கள் விருப்பம் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுக் கமராவுக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம்.

அடுத்து இரவுத் திருவிழா. போன் விளம்பரங்களில் இரவுப் படம் எப்போதும் அசையாத கட்டடமாகத்தான் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் சுவாமி வெளிவீதி வரும்போது எதுவும் அசையாமல் நிற்காது. தோள் கொடுப்பவர்கள் அசைகிறார்கள், தீவட்டி அசைகிறது, மேளக்காரரின் கை கண்ணுக்கே தெரியாது. போனின் இரவு மோட் பல பிரேம்களைச் சேர்க்கும்போது அசையாத இடங்களில் அந்தச் சேர்க்கை அற்புதமாக வேலை செய்கிறது. அம்மனின் சாத்துப்படி, மாலை, குடையின் சரிகை எல்லாம் பளிச்சென்று வரும். அசைந்த இடங்களை மென்பொருள் அடுக்க முடியாமல் ஒற்றைப் பிரேமிலிருந்து நிரப்பி, மேலால் தடவிவிடும். அங்கே தோள் கொடுப்பவரின் முகம் மெழுகுபோல வழுவழுப்பாகிவிடும். வியர்வை இல்லை, விபூதி இல்லை, மனிதரே இல்லை. எஃப் 1.8 லென்ஸோடு, கமராவின் வெளிச்ச உணர்வைக் கூட்டி ஐ.எஸ்.ஓ. 3200 இல் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் இரைச்சல் இருக்கும், ஆனால் முகம் முகமாக இருக்கும். எனக்கு அந்த மணல் பிடிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திருவிழாக்களில் இப்போது எங்கு பார்த்தாலும் மலிவான எல்.இ.டி. சோடனைகள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் இந்த விளக்குகளில் பல செக்கனுக்கு 100 தரம் மின்னி மின்னி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கறுப்புப் பட்டைகளாக விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 செக்கனில் பூட்டிவிட்டால் பெரும்பாலும் பட்டை மறையும். கமராவில் இது ஒரு சில்லைத் திருப்புகிற வேலை. போனிலும் புரோ மோட்டில் செய்யலாம்தான். ஆனால் ஒரு கையில் போன், மறு கையில் அர்ச்சனைத் தட்டு, பின்னால் சனம் தள்ளுகிறது என்றால் திரையில் சின்ன எழுத்தைத் தேடித் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

இவ்வளவும் கமரா பக்கம். இனிப் போனுக்கு வருவோம், அதன் பலம் மெகாபிக்சலில் இல்லை, மனிதர்களிடத்தில் இருக்கிறது.

விடியற்காலை சல்லிக் கரையில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் பெரிய லென்ஸோடு போய்ப் பாருங்கள். கயிறு பிடித்திருக்கிற ஐயா நிமிர்ந்து, "தம்பி, எந்தப் பேப்பருக்கு?" என்பார். "பேப்பருக்கில்லை ஐயா, சும்மாதான்" என்றால் அவர் நம்புவதில்லை. இந்தக் கரையில் சும்மா படம் எடுக்க வந்தவர்கள் பல விதம். யுத்தம், கடற்கோள், பிறகு நிவாரணம் என்று ஒவ்வொரு காலத்திலும் கழுத்தில் கமராவோடு ஒருவர் வந்து போயிருக்கிறார். அதற்குப் பிறகு எடுக்கிற எல்லாப் படத்திலும் முதுகு நிமிர்ந்து, முகம் இறுகி இருக்கும். போனை எடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களின் மடிக்குள்ளும் ஒன்று இருக்கிறது. எடுத்த படத்தை அந்த இடத்திலேயே காட்டலாம், அவருடைய மகனின் நம்பருக்கு அனுப்பிவிடலாம். அடுத்த கிழமை போகும்போது நீங்கள் தெரிந்த முகம். தெருவையும் சந்தையையும் மனிதரையும் எடுக்க விரும்புபவருக்கு இதைவிடப் பெரிய வசதி எந்த லென்ஸிலும் இல்லை.

பிரெட்றிக் கோட்டை வாசலிலும் இந்த வித்தியாசம் தெரியும். உள்ளே இராணுவ முகாம். உள்துறைமுகத்தில் கடற்படைத் தளம். எடுக்கக்கூடாத இடத்தில் இரண்டாலும் எடுக்கக்கூடாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் கோட்டை மான்களைப் பார்க்க வந்த குடும்பத்தில் கேள்வி கேட்கப்படுகிறவர் கழுத்தில் கமரா தொங்குபவராகத்தான் இருப்பார்.

போனிடம் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல் வேறு. அது நம்மைக் கேட்காமல் முடிவெடுக்கிறது. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையில் நின்று கிழக்கே சூரியன் கடலிலிருந்து ஏறுவதை எடுக்கிறீர்கள். முன்னால் நிற்கிற ஆட்கள் கறுப்பு நிழலாக இருக்க வேண்டும், அதுதான் படம். போன் அந்த நிழலைத் தூக்கி வெளிச்சமாக்கி, சட்டையின் நிறம்வரை காட்டி, வானத்தையும் நீலமாக்கி, ஆறு மணியை ஒன்பது மணியாக்கிவிடும். வெயிலில் கறுத்த மீனவரின் தோலை வெளுப்பாக்கி, சில போன்களில் சாம்பல் நிறமாகவே மாற்றிவிடும். கறுத்த தோல் சரியாக வருவதில்லை என்ற குறையைக் கூகுளே ஒப்புக்கொண்டு 2021 இல் பிக்சல் 6 இல் ரியல் டோன் என்று திருத்தம் கொண்டுவந்தது. 2023 இல் சம்சுங் போன்கள் எடுத்த நிலாப் படங்களில் கமரா பார்க்காத பள்ளங்களையும் மென்பொருள் வரைந்து சேர்க்கிறது என்று ஒருவர் மங்கலாக்கிய நிலாப் படத்தையே திரையில் வைத்து எடுத்துக் காட்டினார், உலகமே பேசியது. எடுத்தது படமா, போன் சொன்ன கதையா என்ற கேள்வி அங்கே வருகிறது. ஆட்களின் பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட்டிலும் இதே தொல்லை: தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரமும் ஜிமிக்கியும் பின்னணியோடு சேர்ந்து கரைந்துபோகும்.

இதற்கு மருந்து இருக்கிறது, செலவும் இல்லை. உங்கள் போனில் ரா கோப்பாக, அதாவது போன் கை வைக்காத மூலப் படமாக, எடுக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால் எடுக்கும்போது திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டுப் பிடித்து, சூரியச் சின்னத்தைக் கீழே இழுங்கள். வெளிச்சத்தை நீங்கள் குறைத்துக்கொடுத்தால் போனின் அதிகப்பிரசங்கம் பாதி அடங்கும். உவர்மலைப் பக்கமிருந்து உள்துறைமுகத்தில் சூரியன் விழுவதை இப்படி எடுத்த போன் படத்தையும் கமராப் படத்தையும் பக்கத்துப் பக்கம் வைத்தால் எது எது என்று சொல்ல நான் பந்தயம் கட்டமாட்டேன். நிலக்காட்சியில் போன் வந்து சேர்ந்துவிட்டது. அச்சிலும் அப்படித்தான்: 12 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 13 க்கு 10 அங்குலம் வரை தாராளமாகப் போகும், ஏ4 தாளைவிடப் பெரிது. பாடசாலைக் கண்காட்சிக்கு இது காணும்.

புறாத்தீவில் பவளப்பாறை எடுக்க இரண்டுமே சரிவராது. தண்ணீர் தாங்கும் என்று ஐ.பி.68 போட்டிருக்கிற போனையும் சோதித்தது நல்ல தண்ணீரில், உப்புத் தண்ணீரில் அல்ல. அதோடு தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. 15 மீற்றர் வரை போகிற ஒலிம்பஸ் டி.ஜி. வகைக் கமராவோ அக்‌ஷன் கமராவோதான் அங்கே.

உப்பைப் பற்றிப் பேசாமல் திருமலையில் கமராவைப் பற்றிப் பேசக்கூடாது. டச்பேக் கரையில் லென்ஸ் மாற்றினால் மணலும் உப்புக் காற்றும் நேரே சென்சருக்குப் போகும். வீட்டிலேயே எந்த லென்ஸ் என்று முடிவு செய்து பூட்டிக்கொண்டு போவதுதான் புத்தி. மலிவான கமராக்களுக்குக் காற்றுப் புகாத இறப்பர் காப்பு இருப்பதில்லை. மாரிக்கு வாடைக் காற்றோடு ஈரம் ஏறும்போது அலுமாரிக்குள் தோல் பையில் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், பிடித்தால் சாமானியத்தில் போகாது. இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பைகளும் வாங்கினால் போதும், பெரிய செலவில்லை. ஆனால் இதைச் செய்யச் சோம்பலானவர் கமரா வாங்கவே வேண்டாம். போன் இந்த விடயத்தில் கல்லுப்போல. அதற்குள்ள ஒரே எதிரி நடுப்பகல் வெயில். சூடேறினால் திரை மங்கி, கமரா தானே நின்றுவிடும். திரை மங்காவிட்டாலும் அந்த வெயிலில் எதை எடுக்கிறோம் என்றே தெரியாது. கமராவில் கண்ணோடு ஒட்டிப் பார்க்கிற துவாரத்தின் அருமை பன்னிரண்டு மணிக்குத்தான் விளங்கும்.

கடைசியாகக் காசு. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை பாய்ந்த பிறகு இங்கே எதுவும் பழைய விலைக்கு இறங்கவில்லை. இருந்தாலும் உள்ளே கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் கமரா மோகத்தால் பலர் கண்ணாடி உள்ள பழைய வகை டி.எஸ்.எல்.ஆர். கமராக்களைக் கைமாற்றுகிறார்கள். பாவித்த பொடி (லென்ஸ் இல்லாத கமரா) ஒன்று, 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று, விரும்பினால் பாவித்த 55-250 ஒன்று, எல்லாம் சேர்த்தாலும் மேல்தட்டுப் போன் ஒன்றின் விலையில் பாதியை எட்டாது. போனின் பற்றரி சில வருசத்தில் தளர்ந்துவிடும், ஒரு நாள் மென்பொருளும் நின்றுவிடும். லென்ஸ் பத்து வருசத்துக்கு அப்பாலும் அதே படத்தை எடுக்கும், விற்றாலும் காசு.

வாங்கும்போது லென்ஸின் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து போன் டோர்ச்சை அடித்து முன்னால் சரிவாகப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சணம், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் திருப்பிக் கொடுங்கள். தூசு இரண்டு மூன்று பொட்டு பரவாயில்லை. எத்தனை தரம் ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேளுங்கள். கலியாண வீடுகளில் ஓடின கமரா என்றால் அந்த எண் இலட்சத்தைத் தாண்டியிருக்கும். வெள்ளைச் சுவர் ஒன்றை எஃப் 16 இல் எடுத்துப் பார்த்தால் சென்சரில் இருக்கிற அழுக்கெல்லாம் கறுப்புப் பொட்டாக வரும்.

கலியாண வீட்டுப் படம் எடுத்துச் சம்பாதிக்க நினைப்பவருக்கு இந்தப் பாவித்த பொடியும் காணாது. தாலி கட்டுகிற நேரம் மெமரி காட் பழுதானால் திருப்பிக் கட்டச் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு காட்டில் பதிகிற கமராவும், தனியாகக் கழற்றி வைக்கிற பிளாஷும், இரண்டாவது பொடியும் தேவை. அதற்கு முதல் போடும் முன் தெரிந்த ஸ்ரூடியோக்காரரோடு ஒரு பருவம் உதவிக்குப் போய், அவருடைய கமராவில் பழகுங்கள். முகூர்த்தம் நிறைந்த ஆவணியில் அவருக்கும் ஆள் தேவைப்படும்.